விடுதிக் கதவில் குகனின் படம்

நான் வேலையை விட்ட அன்று ஈஸ்ட் ஹாமில் எங்கள் பயண நிறுவன அலுவலகத்தில் எனக்கு ஒரு மத்தியானச் சாப்பாடு வைத்தார்கள். அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். ஆனால் இப்போது அவர்கள் பயணிகளை எண்ணுவதில்லை. எல்லாருடைய கைபேசியிலும் ஒரு ஆப் போட்டுவிட்டார்கள். ஆள் கோச் பஸ்ஸில் ஏறினால் பச்சை, ஏறாவிட்டால் சிவப்பு. அதை எனக்குக் காட்டிவிட்டு அவர்களில் ஒருத்தி கேட்டாள்.

"ஜெசி அன்ரி, உங்கட லைஃபில மோஸ்ட் டிஃபிகல்ட் ட்ரிப் எது?"

லூர்து மாதாவிடம் போகும் வழியில் கோச் பழுதாகி, முப்பது பேரும் ஒரு பிரெஞ்சுக்காரரின் மாட்டுக் கொட்டிலில் செபமாலை சொன்ன கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். உண்மையான பதில் அதுவல்ல. உண்மையானதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கவில்லை, ஏனென்றால் அது வேறு இரண்டு பேருடைய கதை.

பிறகு ஒரு நாள் தெற்கு லண்டனில் சட்டனுக்குப் போய், அந்த இருவரில் ஒருவரான பரமேஸ் அக்காவிடம் எழுதட்டுமா என்று கேட்டேன். அவர் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவாமலே யோசித்துவிட்டு, "எழுது. பேரை மாத்திப்போட்டு எழுது" என்றார். மாற்றியிருக்கிறேன்.

மன்னாரிலிருந்து வந்து லண்டனில் நான் பார்த்த வேலைகளை எல்லாம் சொன்னால் இந்தக் கட்டுரை முடியாது. கடைசியில் ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு நகைக்கடையின் மேல்மாடியில் இருந்த பயண நிறுவனத்தில் தொலைபேசி எடுக்கச் சேர்ந்தேன். யாத்திரைக் கூட்டங்களோடு துணைக்குப் போகச் சொன்னார்கள், போனேன். இரண்டு வருடத்தில் என்னையே கூட்டத்துக்குத் தலைமையாக அனுப்பினார்கள். கற்றுக்கொண்டது முழுக்க மகேசன் அண்ணையிடம். அவர்தான் நிறுவனத்தின் பொறுப்பாளர்.

மகேசன் அண்ணை குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடியும் வரை நாம் எதிரே நிற்க வேண்டும். அதைவிட இரண்டு அடி வாங்கியிருக்கலாம். துடைத்து முடித்துப் போட்டுக்கொண்டபின் அந்தப் பிழையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டார்.

அவருடைய முறைகள் சில. ஒன்று, தலையை எண்ணக்கூடாது, முகத்தைப் பார்க்க வேண்டும். "தலையை எண்ணினால் ஆள் இருக்கிறது மட்டும்தான் தெரியும். முகத்தைப் பாத்தால் ஆள் எப்பிடி இருக்குது எண்டு தெரியும்" என்பார். கோச்சின் முன்னிருந்து கடைசிவரை நடந்து, திரும்பி வரும்போது இன்னொரு தரம் பார்க்க வேண்டும். இரண்டாவது, இருக்கை. "முதல் நாள் எந்தச் சீற்றிலை இருக்கினமோ கடைசி நாள் மட்டும் அதிலைதான் இருப்பினம். எழுதி ஒட்டத் தேவையில்லை, எங்கடை சனம் அப்பிடித்தான். ஆரும் சீற் மாறினால் ஏதோ நடந்திட்டுது. என்னெண்டு பார்." அவர் சொன்னது சரி. எத்தனை பயணத்தில் ஒருவர் இடம் மாறியதைப் பார்த்துக் காய்ச்சலையும் சண்டையையும் கண்டுபிடித்திருக்கிறேன்.

மூன்றாவது, சோற்றுக் குக்கர். கோச்சின் வயிற்றுக்குள் இரண்டு பெரிய குக்கரும் ஒரு மூட்டை அரிசியும் எப்போதும் போகும். எந்த நாட்டில் எந்த விடுதியில் தங்கினாலும் இரவுக்கு ஒரு பிடி சோறு. ஐரோப்பாவின் அதிசயங்கள் அத்தனையையும் காட்டினாலும் சோறு இல்லாத நாள் சண்டை நாள்தான்.

பல்கேரியா எங்கள் பட்டியலில் பிந்தித்தான் வந்தது. கத்தோலிக்கருக்கு யாத்திரைத் தலங்கள் இருந்தன. சைவக் கூட்டங்கள், "எங்களையும் எங்கையேனும் கூட்டிக்கொண்டு போங்கோவன், எல்லா இடமும் சேர்ச்சாக் கிடக்கு" என்று முறைப்பட்டன. மகேசன் அண்ணை ரோசாத் தோட்டங்களையும் பழைய கைவினை ஊர்களையும் சேர்த்து ஒரு பயணம் போட்டார். அந்த ஊர்களில் ஒன்று திரியாவ்னா.

மலைக்குள் இருக்கிற சின்ன ஊர். மரச் செதுக்கு வேலைக்குப் பேர் போனது. கல்லுப் பலகை வேய்ந்த கூரைகள், கீழே கல், மேலே வெள்ளைச் சுவரும் கறுத்த மரமும், நடுவில் ஒரு மணிக்கூட்டுக் கோபுரம், பக்கத்தில் வளைந்த கல்லுப் பாலம். பழைய வணிகர் வீடு ஒன்றை அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள். அதன் இரண்டு அறைகளின் கூரையிலும் மரத்தில் செதுக்கிய இரண்டு சூரியன்கள். மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டிய வேலை. இரண்டு செதுக்குகாரர் பந்தயம் கட்டிச் செய்ததாகவும், வேலை முடியும்வரை ஒருவர் அறைக்குள் மற்றவர் எட்டிப் பார்க்கவில்லை என்றும் எங்கள் உள்ளூர் வழிகாட்டி ரொசித்சா சொல்லுவாள். அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். அருங்காட்சியகத்தில் பாதி நாள், எங்களைப் போன்ற கூட்டங்களோடு பாதி நாள் என்று வேலை செய்தாள். அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று பொருத்தம்.

ஆனால் எங்கள் ஆட்கள் அங்கே முதலில் பார்த்தது சூரியனையும் இல்லை, கோபுரத்தையும் இல்லை. கதவுகளில் ஒட்டியிருந்த படங்களை. ஊர் முழுக்க, செதுக்கு வேலை செய்த மரக்கதவு, மின்கம்பம், கோயில் வாசல் மரம் எல்லாவற்றிலும், கறுப்புக் கரையிட்ட தாளில் ஒரு முகம், கீழே சில வரி.

"இஞ்சையும் கண்ணீர் அஞ்சலி ஒட்டுவினமோ?" என்று ஒருவர் கேட்டார். எல்லாருக்கும் ஊர் நினைவு வந்துவிட்டது. யாழ்ப்பாணச் சந்திகளில் இதே மாதிரித்தானே ஒட்டிக் கிடக்கும்.

ரொசித்சா விளக்கினாள். ஆள் இறந்ததும் ஒட்டுவார்கள். நாற்பதாம் நாள் ஒட்டுவார்கள், ஆறு மாதத்தில், வருடத்தில், பிறகு நினைத்த வருடமெல்லாம் ஒட்டுவார்கள். கிழிக்கக்கூடாது, மழைதான் அதைக் கொண்டுபோக வேண்டும். சூரியன் வீட்டுக்குப் பக்கத்துக் கதவிலும் ஒன்று இருந்ததால், கந்தனுக்கு நேர்ந்து விரதம் இருந்த ஒரு அண்ணை சாவுத் துடக்கு, தீட்டு என்று சொல்லி உள்ளே வர மறுத்துவிட்டார். அந்த ஆள் செத்துப் பல வருடம் என்று ரொசித்சா சொன்ன பிறகு, "அப்ப பரவாயில்லை" என்று படியேறினார். எல்லாரும் சிரித்தோம். அந்தப் பயணத்தில் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

அந்தக் கூட்டத்தில் சபாநாதன் அண்ணையும் மனைவி பரமேஸ் அக்காவும் இருந்தார்கள். சட்டனில் இருந்து வந்தவர்கள். சபா அண்ணை பெற்றோல் நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். நான் முகம் பார்த்து நடந்து வரும்போது எல்லாரும் தலையாட்டுவார்கள் அல்லது சிரிப்பார்கள். அவர் மட்டும், நான் கேட்காமலே, "இஞ்சை ரெண்டு பேர், பிள்ளை" என்பார். ஒவ்வொரு தடவையும். பரமேஸ் அக்கா யன்னல் பக்கம், அவர் நடைபாதைப் பக்கம்.

அவர்களுக்கு ஒரே மகன், குகன். சபா அண்ணை அகதியாக லண்டன் வந்து, வதிவிடக் காகிதம் கிடைத்து, மனைவியைத் தன்னிடம் எடுப்பித்தபோது குகனுக்குப் பதினெட்டு வயது தாண்டிவிட்டது. அவனுக்கு விசா கொடுக்கவில்லை. மாமி வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். வன்னியில் யுத்தம் முடிந்தபோது அவன் அதற்குள் அகப்பட்டிருந்தான். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. இது கூட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. இப்படிக் கதை இல்லாத கோச் ஒன்றோடு நான் போனதே இல்லை.

சூரியன் அறையில் எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டு நின்றபோது பரமேஸ் அக்கா என் கையைப் பிடித்துப் பக்கத்து அறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"பிள்ளை, உந்த நோட்டீசுகளை இஞ்சை எங்கை அடிப்பினம்?"

ஏன் என்று கேட்டேன். கைபேசியைத் திறந்து காட்டினார். கண்ணீர் அஞ்சலி, தமிழில், முழுதாகச் செய்து வைத்திருந்தது. மீசை அரும்பிய குகன். பிறந்த திகதி. இறந்த திகதி. தாய், தந்தை பெயர். எப்போதோ ஒரு பெடியனிடம் சொல்லிச் செய்வித்து, வருடக்கணக்காகக் கைபேசிக்குள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

"லண்டனிலை ஒட்டேலாது. இவருக்குத் தெரிஞ்சிடும். அவன் வருவான் எண்டுதான் இந்த மனிசன் ஒரு வாய் சாப்பிடுது. இவருக்காகத்தான் நானும் வாயைத் திறக்கிறேல்லை."

"உங்களுக்கு எப்ப விளங்கினது அக்கா, அவர் இல்லையெண்டு?"

"தாய்க்குத் தெரியாமல் இருக்குமோ? கன காலம்."

நான் மன்னார்க் கத்தோலிக்கச்சி. எங்களுக்கு இறந்தவர் பெயரைச் சுவாமியாரிடம் கொடுத்தால் எந்த நாளிலும் பூசை ஒப்புக்கொடுப்பார். எல்லா ஆன்மாக்களுக்கும் சேர்த்து ஒரு நாளும் இருக்கிறது. ஆனால் சைவக்காரருக்குத் திவசம் செய்வதற்கு இறந்த திதி தெரிய வேண்டும். திகதி இல்லாமல் திதி இல்லை. திதி இல்லாமல் அவனுக்கு ஒரு பிடி சோறும் வைக்க முடியாது. பரமேஸ் அக்கா சொல்லித்தான் அதை விளங்கிக்கொண்டேன்.

"யுத்தம் முடிஞ்ச நாளைப் போட்டிருக்கிறன். மே மாசம். சரியோ பிழையோ ஆருக்குத் தெரியும்? நான் சாக முன்னம், ஒரு இடத்திலையாவது என்ரை பிள்ளை செத்தவன் எண்டு எழுதிக் கிடக்கட்டும். ஆரும் தெரியாத ஊரிலை கிடக்கட்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

ரொசித்சாவிடம் படத்தை அனுப்பினேன். பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையில், நாளைக்கு எங்கள் கோச் போன பிறகு ஒட்டும்படி தெளிவாகச் சொன்னேன். தகப்பனுக்குத் தெரியக்கூடாது என்றும் சொன்னேன். அவள் கைபேசியில் குகனின் முகத்தைப் பார்த்துத் தன் நெஞ்சில் சிலுவை போட்டாள். பலகைக்கு நாளைக்கு, சரி என்றாள்.

பின்னேரம் பழைய புனிதர் படங்கள் இருந்த அருங்காட்சியகத்தையும் பழைய பள்ளிக்கூடத்தையும் பார்த்துவிட்டு விடுதிக்கு நடந்து வந்தோம். விடுதியும் பழைய வீடுதான், செதுக்கிய பெரிய கதவு. முன்னால் போன பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருத்தி, "ஐயோ, தமிழ்" என்றாள்.

கதவில் குகன்.

அந்த ஊரில் முதல் தாள் போக வேண்டிய இடம் தாய் இருக்கிற கதவு. அதை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. பாலத்துப் பலகை வேறு, வீட்டுக் கதவு வேறு. ரொசித்சா பலகையை நாளைக்கு என்று வைத்துவிட்டுக் கதவுக்கு உரியதைச் செய்துவிட்டாள். தகப்பன் எங்களோடு வந்தவர் என்று நான் சொல்லியிருக்கவில்லை, அவர் லண்டனில் இருக்கிறார் என்று நினைத்திருக்கிறாள். அவரும் எங்களோடு அதே கதவால்தான் வருவார் என்பது அவளுக்குத் தெரியாது. பிறகு அவள் என்னிடம், "தாயின் கதவில் இல்லாவிட்டால் அது யாருடைய பிள்ளை?" என்று கேட்டாள். அவளை நான் குற்றம் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

கூட்டம் விலகி வழி விட்டது. சபா அண்ணை பின்னால் வந்துகொண்டிருந்தார். ஓடிப்போய் அதைக் கிழிக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் பிந்திவிட்டது. அவர் கதவடிக்கு வந்து, சட்டைப் பையில் இருந்து வாசிக்கும் கண்ணாடியை எடுத்துப் போட்டு, மேலிருந்து கீழ்வரை வாசித்தார். பரமேஸ் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சபா அண்ணை விழுந்துவிடுவார், நெஞ்சு அடைத்துவிடும், ஆம்புலன்ஸ் எண் என்ன என்றெல்லாம் என் மூளை ஓடியது.

அவர் திரும்பி, "பிள்ளை, பேனை இருக்கோ?" என்றார்.

கொடுத்தேன். மே என்று இருந்ததைக் கோடு போட்டு வெட்டி, ஆகஸ்ட் என்று எழுதினார். நாளையும் வெட்டி வேறு நாள் எழுதினார். எழுதிவிட்டுப் பேனையை மூடி என்னிடம் தந்தார்.

"திகதி பிழை. அவன் அதுக்குப் பிறகும் இருந்தவன்."

பரமேஸ் அக்கா என் தோளை விட்டார்.

"ஆர் சொன்னது?"

"முகாமிலை அவனுக்குப் பக்கத்திலை கிடந்த ஒரு பெடியன். பிறகு லண்டன் வந்தவன். நான் நிண்ட பெற்றோல் ஸ்டேஷனுக்குத் தேடி வந்து சொன்னவன். காலிலை காயம், அது மாறேல்லையாம். மருந்து இல்லையாம்."

"எப்ப வந்து சொன்னவன்?"

"அடுத்த வருசம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

சபா அண்ணை முதல் தரமாக மனைவியைப் பார்த்தார்.

"எப்பிடிச் சொல்லுறது? நீ அவன்ரை பிறந்த நாளுக்குப் புட்டு அவிச்சு, ஒரு கோப்பையிலை போட்டு மூடி வைப்பாய். அவன் வருவான் எண்டு."

"நான் அதை உங்களுக்காகத்தான் அவிச்சனான்" என்றார் பரமேஸ் அக்கா.

யாரோ தேவாரம் ஒன்றைத் தொடங்கிப் பாதியில் விட்டார்கள். நான் பாலத்தடிக்குப் போய் மகேசன் அண்ணைக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. கண்ணாடியைத் துடைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

"இண்டைக்குக் குக்கரை இறக்காதை" என்றார். "செத்த வீட்டிலை அடுப்பு மூட்டுறேல்லை. அயலட்டைதான் கொண்டு வரவேணும்."

எங்களுக்கு அங்கே பக்கத்து வீட்டார் யார் என்று யோசித்துக்கொண்டு விடுதிக்குத் திரும்பினேன். ரொசித்சா ஒரு பெரிய தட்டோடு வாசலில் நின்றாள். அவித்த கோதுமை, மேலே சீனி தூவியிருந்தது. இறந்தவருக்காக அங்கே அதைத்தான் கொடுப்பார்களாம். விரதகார அண்ணை உட்பட எல்லாரும் கை நீட்டி வாங்கித் தின்றார்கள். பரமேஸ் அக்கா ஒரு வாய் தின்றார். சபா அண்ணை அறையை விட்டு வரவில்லை. அந்தப் பயணத்தில் சோறு இல்லாமலும் சண்டை இல்லாமலும் போனது அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் விமான நிலையத்துக்குப் புறப்பட்டோம். எல்லாரும் ஏறினார்கள். பரமேஸ் அக்கா தன் இருக்கைக்குப் போகவில்லை. முன்னால் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். மகேசன் அண்ணை சொன்ன முறை: சீற் மாறினால் என்னவென்று பார். பார்க்க எனக்கு என்ன இருந்தது? கோச் மலையிறங்கி முடியும்வரை அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அவர் எழுதின திகதி, அந்த வருசத்து வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் தேர் அண்டைக்கு."

நான் திரும்பி அவரைப் பார்த்தேன்.

"எனக்கு அது மறக்காது. அண்டைக்குத்தான் முதன்முதல் கற்பூரச்சட்டி எடுத்தனான். என்ரை பிள்ளை உயிரோடை இருக்கவேணும் எண்டு. தேருக்குப் பின்னாலை நெருப்போடை நடந்து வரேக்கை அவன் அங்கை செத்துக்கொண்டு கிடந்திருக்கிறான்."

"அக்கா, விடுங்கோ."

"அதுக்குப் பிறகு அவன் இல்லையெண்டு எனக்கு விளங்கிவிட்டுது. எண்டாலும் இவர் பாக்கவேணும் எண்டு வருசா வருசம் சட்டி எடுத்தனான். இவரும் பக்கத்திலை தண்ணிப் போத்தலோடை நடந்து வருவார். கை சுடுதோ, கை சுடுதோ எண்டு கேட்டுக்கேட்டு."

இப்போது அந்தத் திதியில் அவர்கள் வீட்டில் திவசம் நடக்கிறது. வருடந்தோறும் என்னையும் கூப்பிடுவார்கள். ஐயர் கேட்டதெல்லாம் சபா அண்ணை எடுத்துக் கொடுப்பார், பரமேஸ் அக்கா சமைப்பார், எல்லாருக்கும் அவரே பரிமாறுவார். சபா அண்ணைக்கும் பரிமாறுவார். அவரோடு ஒரு சொல் பேசமாட்டார்.

அன்று விமான நிலையம் போகும் வழியில் ஒரு இடத்தில் கோச்சை நிறுத்தினோம். எல்லாரும் இறங்கிக் கால் ஆறி, தேநீர் குடித்து, திரும்ப ஏறினார்கள். வழக்கம்போல நான் முன்னிருந்து முகம் பார்த்துக்கொண்டு நடந்தேன். யாரும் தலையாட்டவில்லை, சிரிக்கவில்லை. சபா அண்ணை நடைபாதைப் பக்கம் தன் இருக்கையிலேயே இருந்தார். யன்னல் பக்கம் வெறுமையாக இருந்தது. பரமேஸ் அக்கா விட்டுவிட்டுப் போன குளிர்ச்சட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

நான் பேசாமல் கடந்து போக நினைத்தேன். அவர் விடவில்லை. பழக்கம்போல வாயைத் திறந்தவர், ஒரு கணம் நிறுத்தி, பிறகு சொன்னார்.

"இஞ்சை ஒராள், பிள்ளை."